தையலுக்குள் விட்ட துணி

அந்தத் தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள். டெய்லர் என்று பேர்தானே ஒழிய, புதுத்துணி தைத்துப் பல காலம் ஆகிவிட்டது. எல்லாரும் ரெடிமேடாக வாங்கி மாட்டிக்கொள்கிற காலத்தில் யார் வந்து அளவு கொடுத்துக் காத்திருப்பார்கள்? வாங்கியது தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்க வேண்டும், இறுக்கினால் பிரித்துவிட வேண்டும், ஜிப் போனால் மாற்ற வேண்டும். திருத்துவதுதான் பிழைப்பு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷினும் ஒரு மர மேசையும் போட்டதும் இடம் முடிந்துபோன கடை. பின்கதவைத் திறந்தால் வீடு. வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான்.

திருத்தியே பழகியதால் மனிதர்களின் உடம்பு அவளுக்கு அத்துப்படி. தெருவில் பிள்ளை உண்டானவளை அவள் மாமியாருக்கு முன்பே கண்டுபிடித்தவள். யாருக்குக் கவலை, யாருக்குச் செழிப்பு என்பதெல்லாம் இடுப்புப்பட்டியிலேயே தெரிந்துவிடும் என்பாள். கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே, வேறு என்ன இருந்தது அவளிடம்? கட்டியவர் ஒருநாள், நானா உன் தம்பியா, ஒரு முடிவு சொல் என்று கேட்டார். இவள் யோசித்துக்கொண்டு நின்றாள். யோசித்ததே பதில் என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

தம்பியின் பட்டப்பெயர் ஒல்லி. சின்ன வயதில் வைத்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற உடம்பு. அந்த உடம்புதான் அவனுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் கூரையில் இருக்கிற சின்னக் கதவு வழியாக நுழைந்து மேலே ஏறி நிற்க வேண்டும், சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் ஒருக்களித்து நின்று எண்ணெய் போட வேண்டும். ஒல்லி உள்ளே போனால் பாம்பு போல வெளியே வருவான் என்று அவனுடைய மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். கைநிறையச் சம்பாதித்தான். அக்காவுக்கு மின்சாரத்தில் ஓடும் மெஷின் வாங்கிக் கொடுத்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவன் காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்புறம் திட்டினார்கள், அப்புறம் ஏவினார்கள். ஓர் ஆளில்லை, ஒரு கூட்டம். அவன் மூன்று நாள் சமையலறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், இவள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதையும் விரித்துச் சொல்ல வேண்டாம். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் நின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாத்திரை பசியை அவிழ்த்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் மறுபடி ரொட்டியைத் தேடுவான். பிஸ்கட் டப்பாவை இவள் பரண்மேல் வைத்தால் ஸ்டூல் போட்டு எடுப்பான். எடுத்துவிட்டு அழுவான். இரண்டே வருஷத்தில் ஒல்லி உருண்டு திரண்டு, லிஃப்ட் கூரையின் கதவில் தோள் நுழையாமல் நின்றான். மேஸ்திரி நல்ல மனிதர், நாசூக்காகத்தான் அனுப்பிவைத்தார். தெருவுக்கு அந்த நாசூக்கு கிடையாது. "என்ன ஒல்லி, சௌக்கியமா?" என்று அந்தப் பேரையே இப்போது இளித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜென்மங்கள்.

அக்கா கடையிலேயே உட்கார்ந்து பட்டன் தைத்தான், விளிம்பு மடித்தான். அவனுடைய பேண்ட்டுகளை மட்டும் இவள் புதிதாகவே தைத்தாள். அதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பின்பக்கத் தையலில், வெளியே தெரியாமல், உள்ளே ஒரு பிடி துணியை மிச்சம் விட்டு மடித்துத் தைப்பாள். தையல்காரர்கள் அதை மார்ஜின் என்பார்கள். மற்றவர்களுக்கு விரல் அகலம் விட்டால் அதிகம். தம்பிக்கு மட்டும் கை அகலம். பெருத்தால் பிரித்துவிடலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம், எதற்கும் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்து வெறுத்துப்போய் அவன் மாத்திரையை நிறுத்துவான். சொல்லாமல் நிறுத்துவான். நிறுத்தினால் பசி அடங்கும், மளமளவென்று இளைப்பான், கொஞ்ச நாளில் குரல்கள் திரும்பி வரும், மறுபடி ஆஸ்பத்திரி. இப்படி இரண்டு முறை ஆனது. அதற்கப்புறம் மாத்திரையைத் தானே கையில் கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு தடவை வாடிக்கையாளர் இருப்பதை மறந்து, "வாயைத் திறடா, நாக்கைத் தூக்கு" என்று சொல்லிவிட்டாள். வளர்ந்த ஆம்பளை. திறந்து காட்டினான். அதற்கப்புறம் பல நாள் அவளோடு பேசவில்லை. அத்தோடு அந்தச் சோதனையை விட்டுவிட்டாள்.

விட்டுவிட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டாள். புது பேண்ட் தைக்கிறேன், இடுப்பைக் காட்டு என்பாள். சும்மா அளக்கிற மாதிரி அளப்பாள். இடுப்பு அப்படியே இருந்தால், ஏறியிருந்தால், மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம். இறங்கியிருந்தால் ஆபத்து. மூன்றாவது முறை அவன் நிறுத்தியபோது டேப்தான் காட்டிக்கொடுத்தது, குரல்கள் வருவதற்குள் டாக்டரிடம் ஓடினாள். தம்பி பெருப்பதைப் பார்த்து நிம்மதிப்பட்ட ஒரே அக்கா உலகத்தில் இவளாகத்தான் இருப்பாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறவளுக்கு அந்த டேப்தான் துணை.

அப்புறம் அவனுக்குச் சர்க்கரையும் வந்தது. பட்டது போதாது என்று இது வேறா என்று இவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சர்க்கரைக்காக, மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவே எழுதிக்கொடுத்தது வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்கிற புது ஊசி. சர்க்கரையும் குறையும், பசியும் அடங்கும், எடையும் இறங்கும் என்றார். இந்த மாதிரி மனசுக்கு மாத்திரை சாப்பிட்டுப் பெருத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இவள் ஆசையாகக் கேட்டாள், மனசுக்கும் நல்லது செய்யுமா என்று. சிலர் தலை லேசாக இருக்கிறது என்கிறார்கள், ஆராய்ச்சி நடக்கிறது, இப்போதைக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இது ஒரு வேலை பாக்கும், மாத்திரை வேற வேலை பாக்கும். ஒண்ணு நல்லாயிருக்கேன்னு இன்னொண்ண விட்டுடாதீங்க."

அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஊசி வேலை செய்தது. முதலில் கொஞ்ச நாள் குமட்டல், அப்புறம் சரியாகிவிட்டது. ஒருநாள் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான். இவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிஸ்கட் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தாள், டப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு சாயந்திரம் பட்டன் தைத்துக்கொண்டே அவனாகச் சொன்னான். சாப்பாடு சாப்பாடு என்று உள்ளே ஒன்று ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்ததாம். அந்தக் குரல்கள் போனதற்கு அப்புறம் இது வந்து உட்கார்ந்துகொண்டதாம். இப்போது அதுவும் இல்லையாம்.

"தலைக்குள்ள யாருமே இல்லக்கா. காலி வீடு மாதிரி இருக்கு. எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அவள் முகத்தைத் துணிமேல் கவிழ்த்துக்கொண்டாள். மெஷினை வேகமாக மிதித்துச் சமாளித்தாள்.

இடுப்பு இறங்கியது. டேப் இறங்க இறங்க, பழைய பழக்கத்தில் முதலில் அவளுக்குத் திக்கென்றது. அப்புறம், அட ஊசிதானே என்று நினைவு வந்து சிரித்தாள். அடுத்த முறை திக்கென்றதும் குறைந்தது, அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. ஒவ்வொரு பேண்ட்டாக எடுத்துப் பின்தையலைப் பிடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர், இப்பதான் ஒல்லின்னு கூப்பிட வாய் கூசலை என்றார். மேஸ்திரி கேள்விப்பட்டு நேரில் வந்து, ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அக்காவுக்கும் தம்பிக்கும் கால் தரையில் படவில்லை.

வேலைக்குப் போக நீல நிற பேண்ட் இரண்டு திருத்த வேண்டியிருந்தது. பிரித்துப் போட்டிருந்த பேண்ட்டை அவன் கையில் எடுத்தான். உள்ளே மடிந்து கிடந்த மிச்சத் துணியை விரலால் நீவிப் பார்த்தான். அது உட்காரும்போது உறுத்துகிறது, குனிந்து வேலை செய்யும்போது மொத்தையாகத் தெரிகிறது என்றான். அப்புறம் சொன்னான்:

"வெட்டிடுக்கா. இனிமே எதுக்கு? நான் திரும்பப் பெருக்க மாட்டேன்."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்கினாள். எந்தத் தையல்காரியும் நல்ல துணியில் மார்ஜினை வெட்டமாட்டாள். வெட்டாமல் வைத்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும், அதுதான் அவளை உறுத்தியது. வாயைத் திறக்கச் சொன்ன அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. வெட்டினாள். ஒரு பேண்ட் இல்லை, அவனிடம் இருந்த அத்தனையிலும் வெட்டினாள். வெட்டின துண்டுகளை மேசை துடைக்க வைத்துக்கொண்டாள்.

ஊசி போட்டால் மனுஷன் இளைப்பான். மாத்திரையை விட்டாலும் இளைப்பான். டேப்புக்கு இரண்டும் ஒன்றுதான். இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அதுவும் எப்போதாவது ஒரு தடவை எட்டிப் பார்க்கிற சந்தோஷம்.

இஸ்திரிக் கடைக்காரர் ஒரு காலையில் தயங்கித் தயங்கி வந்தார். தம்பி பஸ் நிறுத்தத்தில் தனியாகப் பேசிக்கொண்டு நின்றான், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றார். இவளுக்குச் சுருக்கென்றது. போனில் பேசியிருப்பான், காதில் மாட்டிக்கொண்டு பேசுவதுதானே இப்போது எல்லாரும் செய்கிறார்கள் என்றாள். அவர் இல்லம்மா என்று இழுத்தார். உடனே இவள் பொரிந்து தள்ளினாள். ஒருத்தன் நன்றாக இருந்தால் உங்களுக்கெல்லாம் பொறுக்காதா, பெருத்தாலும் பேச்சு இளைத்தாலும் பேச்சா என்று கேட்டாள். மனிதர் முகம் சுண்டிப்போய் இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பினார். அன்றைக்குச் சாயந்திரமே இடுப்பை அளந்து பார்த்தாள். இன்னும் இறங்கியிருந்தது. பார்த்தாயா, என் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மதியம் மேஸ்திரி போன் செய்தார். ஊரின் நடுவில் ஓர் ஆபீஸ் கட்டடம், உடனே வாம்மா என்று மட்டும் சொன்னார். மெஷினில் இருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். எண்ணெய் போடக் கூண்டின் தலைமேல் ஏறியவன், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அங்கிருக்கிற ஸ்விட்சை அழுத்தி லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டான். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தினார்கள். இறங்கு என்று மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். கிட்டே யாராவது வந்தால் எல்லாரும் செத்தீர்கள் என்று கத்தினான். மேல்மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள். இவள் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். ஆள் உயரத்துக்குக் கீழே, இருட்டில், இரும்புக் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளங்கை கிழிந்து, கிரீஸும் ரத்தமும் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது.

"கயிறு அறுந்துடும்னு சொல்றாங்கக்கா. நான் விட்டா எல்லாரும் செத்துடுவாங்க."

அவன் யாரையும் கொல்ல ஏறவில்லை. உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் செய்தியில் அது வரவில்லை. லிஃப்டை நிறுத்தி மிரட்டிய பைத்தியக்கார ஊழியர் என்றுதான் வந்தது.

இவள் எதையெதையோ பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கண்ணில் பட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மேலேயிருந்து டார்ச் அடித்தபோது அவனுடைய இடுப்பு தெரிந்தது. இவள் அளவாகப் பிடித்துத் தைத்த நீல பேண்ட், பெல்ட்டுக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில் அவன் கிளம்பும்போதும் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையசைத்து அனுப்பினாள்.

சாயந்திரம் கை ஓய்ந்து அவனே கயிற்றை விட்டான். கயிறு அறுந்து விழவில்லை. அவன்தான் சரிந்து உட்கார்ந்தான். உள்ளே இருந்தவர்கள் பத்திரமாக வெளியே வந்தார்கள், அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வார்டில் டாக்டரம்மா இவளை உட்கார வைத்துப் பேசினார். ஊசி ஆரம்பித்துச் சில மாதத்திலேயே அவன் மாத்திரையை விட்டிருக்கிறான். தலை காலியாக இருந்ததால் இனி அது எதற்கு என்று நினைத்திருக்கிறான். மாத்திரையை விட்டவுடனே குரல்கள் வருவதில்லை, கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச காலம் அவனை ஏமாற்றிவிட்டது. ஊசியின் மேல் பழி போட முடியாது என்றார். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, ஒருவேளை அவன் மனசுக்கும் கொஞ்சம் நல்லது செய்திருக்கும், யார் கண்டது என்றார். இவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் கைப்பையிலிருந்த டேப்பை எடுத்து வார்டு வாசல் குப்பைத் தொட்டியில் போட்டாள். வீட்டுக்குப் போனதும் வேறு டேப் எடுத்தாள். தொழில் நடக்க வேண்டுமே.

இந்த முறை குரல்கள் முழுசாகப் போகவில்லை. விட்டுவிட்டு வருகிற வியாதி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும் போலிருக்கிறது. மாத்திரையைக் கூட்டினார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலேயே மனசுக்கும் ஓர் ஊசி போட்டார்கள், அதை மறைக்க முடியாது. வாரத்து ஊசியும் மறுபடி ஆரம்பித்தது. அது பெருப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கியது, அவ்வளவுதான். மேஸ்திரி ஒருநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தார், வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இஸ்திரிக் கடைக்காரரிடம் இவள் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெரிய மனுஷர். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அவன் மறுபடி கடையில் உட்கார்ந்தான். பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டு ஊசியைக் குத்த மறந்து வெகுநேரம் இருப்பான். உள்ளே அவர்கள் பேசுவதைக் கேட்கிறான் என்று தெரியும். வயிறு மறுபடி முன்னால் வந்தது. பேண்ட் கொக்கி போட முடியாமல் மூச்சைப் பிடித்தான்.

ஒரு காலையில் அவள் அந்த நீல பேண்ட்டை எடுத்துப் பின்தையலைப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும், தெரிந்தும் பிரித்தாள். வெட்டின விளிம்பு விரல் அகலம்கூட இல்லாமல் நூல் நூலாகப் பிசிறி நின்றது. மேசை துடைக்கிற துணிகளைத் தேடினாள். துண்டுகள் சாயம் போய், எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தன. வேறு ஒரு பழைய கறுப்புத் துணியில் முக்கோணமாக வெட்டி ஒட்டுப் போட ஆரம்பித்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான வெட்டச் சொன்னேன்" என்றான்.

"வெட்டுனது நான்டா."

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். வார்டில் கேட்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டது, வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கப் பயந்தது, அதை இப்போது கேட்டாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அவங்க திரும்ப வந்தப்பவே ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் ஸ்டூல் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

"நீ டேப்பைப் பாத்துப் பாத்து சிரிச்சுக்கிட்டிருந்தக்கா. நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சொன்னா அதுவும் போயிடும்."

அழுதால் அவன் அதையும் பார்ப்பான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒட்டு சரியாக வருமா என்று பார்க்க வேண்டும், எழுந்து நில் என்றாள். அவன் எழுந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தான். அவள் டேப்பை அவன் இடுப்பைச் சுற்றி எடுத்து, முன்பக்கம் கொண்டுவந்து, எண்ணைப் பார்க்கக் குனிந்தாள். அளந்து முடிக்கிறவரைக்கும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.